பன்னிரண்டு நிமிடம்

வீட்டுக்குள் மதுரைவீரனுக்குப் பேரில்தான் வீரம். நடுக்கடலில் காற்று கிளம்பிப் படகு தலைகீழாக ஆடினாலும் பீடியை அணைக்காத மனிதர். ஆனால் மகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டால் போதும், கையும் ஓடாது காலும் ஓடாது. இந்தக் கதையில் நடந்த கோளாறுக்கெல்லாம் அதுதான் காரணம். அவரைத் திட்ட நினைக்கிறவர்கள் இப்போதே திட்டிக்கொள்ளுங்கள். பின்னால் உங்களுக்கு மனசு வராது.

ஊர் கட்டுமாவடி. விசைப்படகில் டிரைவர். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் இரண்டு மாசம் பெரிய படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். அந்த இரண்டு மாசமும் மதுரைவீரன் கரையில் நடமாடுகிற ஒரு ஆவி மாதிரிதான். இருபத்தைந்து வருசமாகக் கடலிலேயே கிடந்த உடம்புக்குத் தரை பிடிபடாது. வாசலில் நின்றால் வாசல் மெதுவாக ஆடும். படுத்தால் கட்டில் மிதக்கும். இன்றைக்கு என்ன கிழமை என்று மனைவி ராசாத்தியிடம் காலையில் ஒரு தரம் கேட்பார், மத்தியானம் ஒரு தரம் கேட்பார். வெயிலில் உப்புக்காற்று வந்து ஓலையை உரசுகிற சத்தத்தைக் கேட்டபடி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். அதற்கு ராசாத்தி வைத்திருந்த பேர் 'தடைக்காலத் தூக்கம்'.

மகள் சுடர்விழியின் நீட் பரீட்சையும் அந்தத் தடைக்காலத்துக்குள்தான் வரும், மே மாசத்து முதல் ஞாயிறு. அரசுப் பள்ளியில் படித்த பெண். போன வருசம் முதல் தரம் எழுதினாள். டாக்டர் சீட்டு ஒன்பது மார்க்கில் போயிற்று. தெரியாத கேள்வியால் போகவில்லை, வாசிக்காத கேள்வியால் போயிற்று. நூற்றெண்பது நிமிடத்தில் நூற்றெண்பது கேள்வி. கேள்விக்கொரு நிமிடம் என்று அளந்து வைத்த கணக்கில் இவள் முப்பத்தொரு கேள்வியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மணி அடித்துவிட்டது.

இவளுடைய சுபாவம் அப்படி. ஒரு கேள்விக்குள் இறங்கினால் அதற்குள்ளேயே குடியிருந்துவிடுவாள். போன வருசம் இயற்பியலில் ஒரு ஆறு வந்தது. ஆற்றை ஒரு படகு குறுக்கே கடக்க வேண்டும், நீரோட்டம் இவ்வளவு, படகின் வேகம் இவ்வளவு, எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும்? சூத்திரம் போட்டால் நாற்பது விநாடியில் விடை. ஆனால் இவள் மதுரைவீரன் மகளாயிற்றே. எந்தப் படகுக்காரன் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கோணத்தில் ஓட்டுவான், நடுவில் இழுப்பு கூடும், கரையோரம் குறையும், சுக்கானைத் தளர்த்திப் பிடிக்க மாட்டானா என்று யோசித்திருக்கிறாள். யோசித்து யோசித்து, அந்தப் படகில் ஏறியே போய்விட்டாள். அக்கரை சேர்ந்து நிமிர்ந்து பார்த்தால் இருபத்திரண்டு நிமிடம் காணாமல் போயிருந்தது. இதைக் கேட்டபோது மதுரைவீரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் யோசித்ததில் தப்பே இல்லை என்றுதான் அவருக்குப் பட்டது, அதைச் சொல்லவும் செய்தார். ராசாத்தி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

இந்த வருசம் பரீட்சைக்கு முன்னால் சுடர்விழி ஒன்றைச் சொல்லிவிட்டாள். இதுதான் கடைசி. மூன்றாவது தரம் எழுதத் தனக்குத் தெம்பு இல்லை. கிடைத்தால் டாக்டர், இல்லையென்றால் அந்தப் புத்தகங்களைக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டு வேறு படிப்பு. கோபமாகச் சொல்லவில்லை, சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். அதனால்தான் மதுரைவீரனுக்கு அது அப்படி உறைத்தது.

தடைக்காலம் தொடங்கிய மறுநாளே அவர் கண்காணிப்பாளர் ஆனார். அவளே கொடுத்த வேலைதான். தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை, அசல் பரீட்சை நேரத்திலேயே மாதிரித் தேர்வு. பரீட்சை அறையில் கைக்கடிகாரம் கட்டக் கூடாது, போன் கூடாது. ஆகவே அவள் போனை வாங்கி அவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்த பழைய அலாரம் கடிகாரத்தை ஒரு ஸ்டூலில் வைத்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஐந்து அடித்ததும் பேப்பரைப் பிடுங்க வேண்டும்.

மனிதர் அந்த வேலையைச் செய்த பவிசை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துவைத்த சட்டை போட்டுக்கொள்வார். இரண்டிலிருந்து ஐந்து வரை ராசாத்தி மிக்ஸி போடக் கூடாது. பக்கத்து வீட்டு ஆட்டை அங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டச் சொல்வார். அசல் அறையில் சத்தம் இருக்கும் என்று மகள் சொன்னதும், அதே ஆட்டை இங்கிட்டுக் கொண்டுவந்து கட்டச் சொன்னார். தெருவே அவரைப் பார்த்துச் சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஐந்து அடிக்கும், பிடுங்குவார். இருபத்தாறு கேள்வி மிச்சம். மறுநாள் இருபத்துநாலு. அதற்கடுத்த நாள் இருபத்தேழு. எட்டாவது நாள் ஐந்தடித்தபோது சுடர்விழி பேப்பரைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அஞ்சே நிமிசம்ப்பா என்றாள். அவர் சட்டம் பேசினார். அவள் பேப்பரை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள்தான் அவர் ஒன்றைக் கவனித்தார். முதல் இரண்டு மணி நேரமும் தூண்டில் போட்டவனைப் போல மகள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நாலு மணிக்கு மேல்தான் பேனா ஓடத் தொடங்குகிறது. ஓடினால் அப்படி ஓடுகிறது! மதுரைவீரனுக்கு அந்த ஓட்டம் தெரியும். கடலில் மடிவலையை இறக்கி இழுத்துக்கொண்டு போகிறபோது ஒரு நேரத்தில் கயிறு கனக்கும். மீன் ஏறுகிறது என்று அர்த்தம். மேலே இழுக்கிற நேரம் வந்துவிட்டது, ஆட்கள் அவசரப்படுவார்கள். ஆனால் தொழில் தெரிந்த டிரைவர் யாரும் அப்போது மடியைத் தூக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விடுவான். அவர் வாழ்க்கையில் கிடைத்த நல்ல மீனெல்லாம் அப்படி விட்டுக் கிடைத்ததுதான். கை பழகிய வழியில் போயிற்று. கடிகாரத்தின் முதுகில் இருந்த திருகைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டார். முள் நாலு நிமிடம் பின்னால் வந்தது.

மகள் பார்க்கவில்லை. அவள் எங்கேயோ ஒரு மின்சுற்றுக்குள் இருந்தாள்.

அன்று மிச்சம் பத்தொன்பது கேள்வி. அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். மறுநாள் நாலு மணிக்கு ஒரு நாலு நிமிடம், நாலரைக்கு ஒரு நாலு நிமிடம். மிச்சம் பதினொன்று. அப்புறம் மூன்று தரம் திருகினார், ஆகப் பன்னிரண்டு நிமிடம். மிச்சம் நாலு, மிச்சம் ஒன்று. ஒருநாள் மிச்சமே இல்லை. நூற்றெண்பதும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கடிகாரத்தில் சரியாக ஐந்து. சுடர்விழி எழுந்து ஓடிப்போய் ராசாத்தியைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். மதுரைவீரன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அவள் முகம் கழுவப் போனதும் முள்ளை முன்னால் தள்ளிச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஐந்து மணிக்கு அறந்தாங்கியிலிருந்து வருகிற பஸ்ஸின் ஹாரன் வீட்டுக்குக் கேட்கும். ராசாத்தி ஒருநாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, இப்போதெல்லாம் அஞ்சு மணி பஸ் அஞ்சுக்கு முன்னாடியே வந்துவிடுகிறதே என்று ஆச்சரியப்பட்டாள். ஆமாம், புது டிரைவர், கண்ணு மண்ணு தெரியாமல் ஓட்டுகிறான் என்று மதுரைவீரன் சொன்னார். பாவம் அந்த டிரைவர்.

தப்பு என்று தெரியாமல் செய்யவில்லை. நாளைக்கு இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்வோம், அடுத்த நாள் இன்னும் இரண்டு, பரீட்சைக்குள் சரியாகிவிடும் என்று தினமும் நினைப்பார். நாலு மணி ஆகும். பேனா ஓடும். அவள் உதடு அசையும். அந்த வீட்டில் அந்த நேரத்தில் ஒரு மௌனம் இறங்கும், தண்ணீருக்கடியில் இருப்பது மாதிரி. வெயில் சன்னல் வழியாக நீண்டு வந்து அவள் கால் விரலைத் தொடும். அந்த நிமிடம் முடியவே கூடாது என்று அவருக்குத் தோன்றும். கட்டைவிரல் தானாகத் திருகைத் தேடிப் போகும். மகளுக்காக என்றுதான் அவர் நினைத்தார். பாதி தனக்காகவும்தான்.

பரீட்சை நாளன்று விடிந்ததும் கிளம்பினார்கள். புதுக்கோட்டையில்தான் பரீட்சை மையம். அறந்தாங்கியில் பஸ் மாறினார்கள். அரைத் தூக்கத்தில் வயல்களும் கண்மாய்களும் சன்னலில் நழுவிக்கொண்டிருந்தன. மதுரைவீரனுக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது, கடலில் இருப்பது போல இருந்தது. கண் சொருகும்போது பக்கத்தில் சுடர்விழி தன் திட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் உயிரியல். மூன்று மணிக்கெல்லாம் தொண்ணூறு கேள்வியையும் முடித்துவிடுவாள். மூன்றே முக்காலுக்கு வேதியியல் முடியும். மிச்சம் ஒன்றேகால் மணி நேரமும் இயற்பியலுக்கு. தினமும் அப்படித்தானே முடிகிறது!

"எனக்கு இப்ப பயமே இல்லப்பா," என்றாள். "கடிகாரத்தப் பாக்காமயே மணி சொல்லுவேன். ஒடம்புக்கே தெரிஞ்சு போச்சு."

மதுரைவீரனுக்குத் தூக்கம் போய்விட்டது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டார். புதுக்கோட்டையில் இறங்கி இட்லி வரும் வரைக்கும் அதை வெளியே எடுக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஊர் உலகமே நின்றது. காதுக் கம்மலைக் கழற்றுகிற தாய்மார்கள், முழுக்கைச் சட்டையை வெட்டிவிடுகிற அப்பன்கள். ஒன்றரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெயிலில் எல்லார் முகமும் கரைந்து கரைந்து தெரிந்தது. சுவரோரம் ஒரு புங்கமரம் இருந்தது, அதன் நிழலில் இடம் பிடித்தார்கள். அங்கே முன்னாலேயே ஒரு அம்மா விரித்த துண்டில் உட்கார்ந்திருந்தாள். பேர் சந்தனமேரி, அரிமளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் மகள் ஷர்லிக்கும் இது இரண்டாவது தரம். இரண்டு பெண்களும் ஹால் டிக்கெட்டை ஒப்பிட்டுப் பார்க்கச் சற்றுத் தள்ளிப் போனார்கள்.

பேச்சுவாக்கில் சந்தனமேரியும் வீட்டில் மாதிரித் தேர்வு வைத்ததைச் சொன்னாள். மதுரைவீரன் ஆவலாகக் கேட்டார், தொழில்காரர் தொழில்காரரைக் கேட்கிற மாதிரி. நேரம் எப்படிப் பார்ப்பீர்கள்?

"நா கடிகாரத்த பத்து நிமிசம் முன்னாடி தள்ளி வச்சிருவேண்ணே," என்றாள் அவள். "அதுக்குத் தெரியாது. நாலு அம்பதுக்கே அஞ்சாச்சுன்னு பேப்பரப் புடுங்கிருவேன். அழுவும், திட்டும், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிரும். அழட்டும். உள்ள போனா அந்தப் பத்து நிமிசம் அதுக்கு ஏறிக் கெடைக்கும்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். மதுரைவீரனின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. பன்னிரண்டு கூட்டல் பத்து, இருபத்திரண்டு என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. இந்த அம்மா மகளை அழவைத்து ஏற்றிவிட்டிருக்கிறாள். தான் மகளைச் சிரிக்கவைத்து இறக்கிவிட்டோம். ஐந்துக்குள் எல்லாம் முடியும் என்று நம்பிக்கொண்டு அந்தப் பிள்ளை உள்ளே போகும். நிமிர்ந்து பார்க்கும்போது மணி ஐந்தை நெருங்கியிருக்கும், கேள்வி மிச்சம் இருக்கும். ஏன் என்று அதற்குத் தெரியாது. தன்னைத்தான் நோகும். மறுபடியும் தான் மந்தம் என்று நினைக்கும். அப்புறம் தெரிந்ததும் மறந்துபோகும்.

சொல்லிவிடலாமா? இப்போது சொன்னால் இடிந்துபோவாளே. எனக்குப் பயமே இல்லை என்று காலையில் சொன்னாளே, அந்தப் பயமின்மையே பொய்யில் கட்டியது என்று வாசலில் வைத்துச் சொல்வதா? சொல்லாமல் விட்டால்? உள்ளே போய்த் தெரிந்துகொள்வாள், தனியாக. மதுரைவீரன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மரத்தடித் தரை படகுத் தளம் மாதிரி ஆடியது. சந்தனமேரி வெயில் தாங்கலையாண்ணே என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது.

ஒன்று பத்துக்கு ஷர்லி உள்ளே போய்விட்டாள். சுடர்விழி தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, போயிட்டு வாரேன்ப்பா என்றாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துப் போனார்.

"ஆத்தா, நா ஒண்ணு பண்ணிட்டேன். நம்ம வீட்டுக் கடிகாரத்த நாந்தான் பின்னாடி தள்ளி வச்சேன். தெனமும்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார், கட்டைவிரலால் திருகிக் காட்டினார். அவள் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"பன்னெண்டு நிமிசம்."

"மொதல்லேருந்தா?"

"நீ கிழிச்சுப் போட்டேல்ல, அதுக்கு மறுநாள்லேருந்து."

சுடர்விழி திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் மணிக்கட்டை அவர் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். வரிசையில் போய் நின்றாள். சோதனை செய்கிற பெண் கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினாள், திரும்பச் சொன்னதும் திரும்பினாள். அப்பாவைப் பார்க்காமலே உள்ளே போனாள். ஒன்றரைக்குக் கதவு சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த நேரம் எப்படிப்பட்டது என்று மதுரைவீரனால் பின்னாளில் யாருக்கும் சொல்ல முடியவில்லை. இரண்டு மணிக்கு உள்ளே மணி அடித்தது. தெரு முழுக்க ஒரு பெருமூச்சு. அப்புறம் சத்தமெல்லாம் அடங்கி, வெயில் மட்டும் நின்றது. புங்கம்பூ ஒவ்வொன்றாக உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. சந்தனமேரி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஜெபம் சொன்னாள், ஜெபம் மெல்ல மெல்லக் குறட்டையாக மாறிற்று. அவர் முதுகை மரத்தில் சாய்த்துக் கண்ணை மூடினார்.

மூடினதும் கடல் வந்தது. கட்டுமாவடிக் கடல், முழங்கால் ஆழத்தில் ரொம்ப தூரம் போகிற சேற்றுக் கடல், அலையே இல்லாமல் கிடந்தது. நடுவில் ஒரு பெஞ்சும் டெஸ்க்கும். சுடர்விழி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள், கணுக்கால் வரை தண்ணீர். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அது வடிந்து முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பது கனவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கரையில் ராசாத்தி நின்றாள், ஆடு நின்றது, அந்த அறந்தாங்கி பஸ் டிரைவர்கூட நின்றான். மதுரைவீரன் மடியைத் தூக்கினார். வலைக்குள் மீன் இல்லை, நிமிடங்கள் கிடந்தன. துள்ளின. வெள்ளை வெள்ளையாக, விரல் நீளத்தில். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மகளிடம் ஓடினார். தண்ணீரில் ஓட முடியவில்லை. அவள் பக்கத்தில் போய் நீட்டியபோது அவள் தலை நிமிராமல், எனக்கு வேண்டாம்ப்பா, கடல்லயே விட்டுரு என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அவர் விரலை விரித்தார். எல்லாம் நழுவித் தண்ணீருக்குள் போயின. கை காலியாக இருந்தது.

விழித்துப் போனைப் பார்த்தார். ஒரு ஜென்மம் போயிருக்கும் என்று நினைத்தார். மணி இரண்டு இருபத்தைந்து.

சுற்றிலும் இருந்த பெற்றோர்கள் எல்லாரும் நேரம் போகமாட்டேன் என்கிறதே என்று அலுத்துக்கொண்டார்கள். எப்போதுதான் ஐந்து அடிக்குமோ என்றார் ஒருவர். மதுரைவீரனுக்கும் அப்படித்தான் வாயில் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டார். வெளியே மெதுவாகப் போனால் உள்ளேயும் மெதுவாகத்தானே போகும்! அந்தத் தெருவில் ஐந்து மணி வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். தாகம் எடுத்தது, எழுந்து போய்க் குடிக்கவில்லை. எழுந்தால் ஐந்து நிமிடம் செலவாகிவிடும் என்று ஒரு எண்ணம், கிறுக்குத்தனமான எண்ணம். அசையாமல் உட்கார்ந்தார். எறும்பு காலில் ஏறியது, தட்டவில்லை. நிழல் நகர்ந்து வெயில் முகத்துக்கு வந்தது, முகத்தைத் திருப்பவில்லை. தான் அசையாத வரைக்கும் நேரமும் கொஞ்சம் தயங்கும் என்று நம்பினார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு உயிர் போயிற்று.

ஐந்து அடித்தது. எந்தத் தயக்கமும் இல்லாமல் சரியாக அடித்தது.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் அம்மாவைக் கண்டதும் உடைந்துபோய். ஷர்லி வந்தாள், இயற்பியல் கொன்னுருச்சும்மா என்றாள். சந்தனமேரி அவள் தலையைத் தடவிவிட்டு, மதுரைவீரனிடம் விடைபெற்றுக்கொண்டு போனாள். கூட்டம் கலைந்தது. அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் கும்பலில் சுடர்விழி வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம் என்று மட்டும் சொன்னாள்.

போகிற வழியில் அவர் இரண்டடி பின்னாலேயே நடந்தார். பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு. அவர் டீ வாங்கி வந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பாதி குடித்த பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எட்டு விட்டேன்."

போன வருசம் முப்பத்தொன்று. மதுரைவீரன் அதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். நம்ப முடியவில்லை.

அவள் நடந்ததைச் சொன்னாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் அரை மணி அவர்மேல் வந்த ஆத்திரத்தில் கை விறைத்துப்போய் இருந்தாளாம். அப்புறம் கேள்வித்தாள் வந்தது. பன்னிரண்டு நிமிடம் தன்னிடம் இல்லை, ஆகவே பன்னிரண்டு கேள்வியும் தனக்கு இல்லை என்று முடிவு செய்தாளாம். இயற்பியல் பக்கத்தைத் திருப்பி, கணக்கு நீளமாகத் தெரிந்த பன்னிரண்டைத் தேடி, வாசிக்காமலே சுழித்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீதி நூற்றறுபத்தெட்டுக்கும் நேரம் போதுமான அளவு இருந்தது. வழியில் கனவு காண ஒன்றிரண்டு இடம் வந்தது, கண்ணைப் பிடுங்கிக்கொண்டு தாண்டிவிட்டாள். கடைசியில் ஏழு நிமிடம் மிஞ்சியது. அதில் சுழித்ததை எடுத்து நாலு போட்டாள்.

சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு முன்னாடி பெஞ்சுல ஒரு புள்ள. மணி அடிச்சுருச்சு, அது குடுக்க மாட்டேங்குது. ரெண்டே நிமிசம் சார், ரெண்டே நிமிசம் சார்னு அழுவுது. பேப்பர ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிருச்சு. அவரு ஒண்ணும் பேசல. விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு வாங்கிட்டாரு." கீழே வைத்த டம்ளரைக் காலால் நகர்த்தினாள். "நீ வாசல்ல வச்சுச் சொல்லாம இருந்திருந்தா, அது நாந்தான்ப்பா."

மதுரைவீரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு எடத்துல நீ இருந்திருந்தா அந்தப் புள்ளைக்குக் குடுத்திருப்பல்ல?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு அனுபவித்ததற்குப் பிறகு இல்லை என்று சொல்கிற மனிதனாக இருக்கத்தான் அவருக்கும் ஆசை. யாரோ பெற்ற அந்தப் பெண் இரண்டு கையாலும் பேப்பரைப் பிடித்திருப்பது கண் முன்னால் வந்தது. மகளிடம் இனி ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று மரத்தடியில் நினைத்ததும் வந்தது.

"குடுத்திருப்பேன்," என்றார்.

சுடர்விழி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இன்னொரு அடி அடித்தாள். மூன்றாவதுக்குத் தூக்கிய கை அப்படியே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அத்தனை நேரம் அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அறந்தாங்கி பஸ் ஒன்று போயிற்று. அடுத்ததும் கண்டக்டர் கூவிக் கூவி அழைத்துவிட்டுப் போயிற்று. மதுரைவீரன் எழுந்திருக்கவில்லை.